பர்ட்டனின் ஆறு மாதங்கள்: நீலகிரி படைவீரனுக்குக் கொடுத்ததும் கொடுக்காததும்

ரிச்சர்ட் பர்ட்டன் என்றால் நம்மில் பலருக்கு 'ஆயிரத்தொரு இரவுக'ளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், இல்லையென்றால் மாறுவேடத்தில் மெக்கா போய்வந்தவர். அதற்கெல்லாம் முன்னால், 1847இல், அவர் பம்பாய் ராணுவத்தில் ஒரு இளம் லெப்டினன்ட். சிந்து மாகாணத்தில் உடம்பு கெட்டுப்போய், இரண்டு வருட மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினார். அந்தப் பயணம் பற்றிய நூல்தான் 'கோவாவும் நீலமலைகளும்' (லண்டன், 1851). துணைத்தலைப்பு 'ஆறு மாத மருத்துவ விடுப்பு'. இரண்டு வருடம் கையில் இருந்தவர் ஆறு மாதத்துக் கதையை மட்டும் ஏன் எழுதினார்? நூலை நான் வாசித்ததே இந்தக் கேள்வியோடுதான்.

காரணம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரை மலைக்கிராமத்தில் குடிவைத்து, சேர்ந்து விவசாயம் செய்யவிட்டால் அவர்கள் சிவில் வாழ்க்கைக்குச் சுலபமாகத் திரும்பிவிடுவார்கள் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் புதுசு இல்லை. இதன் பாதியை நீலகிரியும், மீதியைப் பக்கத்து வயநாடும் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டன.

முதல் பாதி, குளிர். ஜான் சலிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்த பிறகு, இந்தக் காற்றே மருந்து என்ற பேச்சு பரவியது. சமவெளியில் காய்ச்சலில் விழுந்த அதிகாரிகள் பல்லக்கில் மேலே வந்தார்கள். பர்ட்டனும் அந்த நம்பிக்கையில்தான் வந்தார். அவர் நூலில் ஊட்டி வாழ்க்கையைச் சொல்லும் பகுதிகள் ரொம்ப சுவாரசியம். வந்த புதிதில் குளிர் அவரை மயக்குகிறது. கொஞ்ச நாளில் அதே குளிரும் மழையும் எரிச்சலாகின்றன. கிளப், வேட்டை, விருந்து, வம்பு. மதராஸ்காரர்களுக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் ஆகாது. சுருக்கமாகச் சொன்னால் மனுஷனுக்குப் போரடிச்சுப் போச்சு. பாஷை படித்துப் பொழுதைத் தள்ளினார். கண்நோய் வேறு சேர்ந்துகொண்டது. விடுப்பு முடியும் முன்பே பம்பாய்க்குத் திரும்பிவிட்டார்.

விமர்சகர்கள் இந்த நூலை ஒரு திமிர்பிடித்த இளைஞனின் கிண்டல் என்று ஒதுக்குவதுண்டு. திமிர் நிறையவே இருக்கிறது, மறுக்கவில்லை. மலைவாழ் மக்களைப் பற்றி அவர் எழுதியதில் பாதியை இன்று கூச்சமில்லாமல் வாசிக்க முடியாது. ஆனால் அந்தக் கிண்டலுக்குள் ஒரு சாட்சியம் இருக்கிறது. அவருக்கு ஓய்வு இருந்தது, சம்பளம் இருந்தது, காற்று இருந்தது. செய்வதற்கு வேலை இல்லை. அவரை எதிர்பார்த்து அங்கே யாரும் இல்லை. தோடர்கள் ஐரோப்பியர் சகவாசத்தில் கெட்டுப்போனார்கள் என்று அவரே எழுதுகிறார். கெடுத்த கூட்டத்தில் தானும் ஒருவன் என்ற இடத்துக்கு மட்டும் அவருடைய பேனா போகவில்லை. நூலின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான். விடுப்பில் வந்தவன் மலையைப் பார்க்கிறான். மலையில் இருப்பவர்கள் அவனை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நூலில் இடமே இல்லை.

இரண்டாம் பாதி, நிலம். இதற்கு கூடலூரைத் தாண்டிப் போக வேண்டும். கூடலூர் பகுதியே பழைய வயநாட்டின் தென்கிழக்குத் துண்டு. 1877இல்தான் நீலகிரியோடு சேர்ந்தது. மற்ற வயநாடு மலபார் மாவட்டத்தில், அதாவது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பிய நேரத்தில், மதராஸ் அரசு 'வயநாடு குடியேற்றத் திட்டம்' கொண்டுவந்தது. முன்னாள் படைவீரர்களுக்கு அம்பலவயல் சுற்றுவட்டாரத்தில் நிலம். அவர்களுக்கு எந்தப் பயிர் சரிப்படும் என்று பார்க்க அங்கேயே ஒரு பண்ணை.

பர்ட்டனுக்குக் கிடைக்காத வேலை இவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது: காட்டைத் திருத்துவது. கூடவே மலேரியா. வயநாட்டுக் காய்ச்சலுக்கு அப்போது பெரிய பெயர். திட்டத்தின் அடிப்படை, சிப்பாய் விவசாயியின் மகன், அவனுக்கு மண்ணைக் கொடுத்தால் போதும் என்பது. ஆனால் பட்டாளத்தை விட்டு வரும்போது அவன் இழப்பது என்ன? ஒரே பாரக்கில் படுத்து, ஒரே அடுப்பில் சாப்பிட்டு, காலையில் ஆள் எண்ணும்போது குறைந்தால் தேடுகிற பத்துப் பேரை. ஏக்கர் கணக்கு அந்த இழப்பைத் தொடுவதில்லை.

இன்னொன்று, அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. பணியர், குறிச்சியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் எல்லாம் அங்கேயே இருந்தவர்கள். அம்பலவயலுக்குப் பக்கத்தில்தான் எடக்கல் குகை. பாறையில் கோடு கீறியவர்கள் எத்தனை ஆயிரம் வருடம் முன்னால் வந்தவர்கள்! புதிதாக வந்தவனுக்குப் பட்டா. பணியருக்கோ தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் கூலி. அந்தப் பண்ணை இன்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். மலர்க்கண்காட்சிக்குப் பெயர்போனது. அதன் வரலாற்றில் படைவீரர்கள் ஒரு வரி. பணியர் அந்த ஒரு வரியிலும் இல்லை.

அப்படின்னா கூட்டு வாழ்க்கை என்பதே கனவா? நீலகிரியிலேயே அதற்கு நல்ல உதாரணம் உண்டு, படகர் ஹட்டி. ஒரே வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முன்னால் எல்லோருக்கும் பொதுவான முற்றம். சாவு, கல்யாணம், ஹெத்தை ஹப்பா எதுவானாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு காத்திருக்கும். ஹட்டியில் பிறந்த பையன் பட்டாளத்திலிருந்து திரும்பினால் அவனுக்கு மறுவாழ்வுத் திட்டம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஹட்டி உறவால் ஆனது. ராமநாதபுரத்து ஹவில்தாருக்கு அதில் வீடு ஒதுக்க முடியாது. அரசாணை போட்டு நிலம் கொடுக்கலாம், பங்காளிகளைக் கொடுக்க முடியாது. கூட்டு வாழ்க்கைத் திட்டங்கள் தாண்டிப்போய்விடுகிற சிக்கல் இதுதான்.

இது பழங்கதையும் இல்லை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இன்றும் கிராமத்துப் பையன்களைச் சிப்பாய்களாக்குகிறது. அவர்களில் பலர் நாற்பதை ஒட்டி ஓய்வு பெறுகிறார்கள். திரும்பும் பாதைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோவும் இருக்கின்றன. கிடைப்பது பெரும்பாலும் காவலாளி வேலை. சம்பளம் தேவைதான், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் ஏடிஎம் வாசலில் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை, பர்ட்டனைப் போல, எதிர்பார்க்க யாரும் இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது மலையில் படைவீரர் கிராமம் என்று திட்டம் போட்டால், ஏக்கரையும் பயிரையும் அப்புறம் பேசலாம். அந்த ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேட்டீர்களா, வருகிறவரிடம் அவர்களுக்கு என்ன தேவை இருக்கிறது என்று முதலில் கேட்போம். பர்ட்டனின் நூலை அதன் திமிரோடு சேர்த்தே வாசிக்கச் சொல்வேன். ஊரோடு ஒட்டாத ஓய்வு ஒரு சிப்பாயை என்ன செய்யும் என்பதற்கு நீலகிரியிலிருந்து வந்த பழைய சாட்சியங்களில் அதுவும் ஒன்று.