தோட்டத்து உரையும் ஆய்வாளர் செவியும்

ஒரு செய்தியை உண்மையென ஏற்பதற்கு நம் முன்னோர் அளவைகளை வகுத்தனர். மணிமேகலையில் பத்து அளவைகள் பேசப்படுகின்றன. சிவஞான சித்தியார் அவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டுகிறது. இவற்றுள் இடர் மிகுந்தது உரை. பிறர் சொல்வதை எப்போது நம்பலாம்? சொல்பவர் அறிந்தவராகவும் மெய்யராகவும் இருத்தல் வேண்டும் என்பது தருக்க நூலார் தரும் விடை. மக்கள் வாழ்வை ஆராயும் சமூக இயலுக்கு இவ்விடை போதுமா? மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரைப் பற்றிய ஆய்வுகளைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். போதாது என்பதே நமது முடிபு. சொல்பவர் மெய்யராயினும், அம்மெய்யை அச்சமின்றிச் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பதையும் நாம் காண வேண்டும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். நம் பினாங்குத் துறைமுகமே அதற்கு ஏற்ற இடம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளருள் மிகப் பலர் முதலில் கால்வைத்த மலாயா மண் இதுவே. ஜெரஜாக் தீவில் நோய்க்காப்புக்காகத் தங்கிய கதையைச் சொல்லாத பழைய குடும்பங்கள் இங்கே குறைவு. வந்தோரும் சென்றோரும் ஏட்டில் பதிவாயினர். இத்தகைய பதிவுகளையும் குடிமதிப்புகளையும் ஒப்பிட்டு, 1786 முதல் 1957 வரை நிகழ்ந்த இந்தியர் குடியேற்றத்தை ஆராய்ந்தவர் கெர்னியல் சிங் சாந்து. அவரது ஆங்கில நூல் 1969இல் வெளிவந்தது. இத்துறையில் இன்றும் அடிப்படையாக விளங்குவது அந்நூல்.

ஆயினும் துறைமுக ஏடு எதை எண்ணியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அது எண்ணியது வருகைகளை. மூன்றாண்டு பால்மரம் வெட்டி, ஊர் திரும்பி, மணம் முடித்து மீண்டும் வந்த ஒருவர் வந்தோர் கணக்கில் இருவராகிறார். வந்தோர் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இத்தனை தமிழர் குடியேறினர்’ என்று மேடையில் முழங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர். சென்றோர் தொகையைக் கழித்து, குடிமதிப்போடும் ஒத்துப் பார்த்த பின்னரே அவ்வெண் பொருள் தரும். எண்ணின்மேல் குற்றமில்லை. அது எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்று கேளாமல் கையாளுவோர்மேல்தான் குற்றம்.

இனி உரைக்கு வருவோம். 1936ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய அரசின் சார்பில் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய வந்தார் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவரது அறிக்கை 1937இல் வெளியாயிற்று. ஆய்வாளர் என்ற முறையில் அவருக்கிருந்த தகுதிகள் பல. தஞ்சை மாவட்டத்து வலங்கைமானிற் பிறந்தவர். எனவே தமிழ்த் தொழிலாளரிடம் பேச அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நேர்மைக்குப் பேர்பெற்றவர். பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்ட கூலியை மீண்டும் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தது தொழிலாளருக்கு நன்மையே செய்தது. ஆயினும், அரசின் உதவியோடு தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் அவர் முடிவு கூறினார். அந்த 1936இலேயே தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்துக்கு அவ்வறிக்கை பெரும் ஏமாற்றமாயிற்று.

சாஸ்திரியார் வெள்ளையருக்குச் சாய்ந்துவிட்டார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது நேரிய திறனாய்வு ஆகாது. ஆளைவிட்டு முறையை ஆராய்வோம். தோட்டம் தனியார் நிலம். துரையின் இசைவின்றி வெளியார் அதனுள் நுழைதல் இயலாது. அரசின் விருந்தினராக வரும் பெரியவரைப் பெரட்டுக் களத்தில் கண்ட தொழிலாளி யாராகக் கருதியிருப்பான்? துரைக்கும் மேலான ஒரு துரையாகத்தான். பக்கத்தில் கிராணி நிற்பார், கங்காணி நிற்பார். ‘குறை ஏதும் உண்டா?’ என்று நல்ல தமிழில், கனிவோடு கேட்டாலும் என்ன? வந்தவர் மாலைக்குள் போய்விடுவார். மறுநாள் காலை பெயர் கூப்பிடுபவர் கிராணிதான். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்நிலையில் ‘ஒன்றுமில்லை, ஐயா’ என்ற விடை பொய்யுமன்று, மெய்யுமன்று. அது ஒரு தற்காப்பு. இருவருக்கும் மொழி ஒன்றாயிருந்தும் நிலை ஒன்றாயிருக்கவில்லை.

இஃது எமது ஊகமேயன்றோ எனலாம். ஊகந்தான், கருதல் அளவை. ஆயினும் பின்னர் நிகழ்ந்தவை அதற்கு வலுவூட்டுகின்றன. 1938இல் ரப்பர் விலை வீழவே கூலி மீண்டும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அப்போது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளைப் பார்த்தல் வேண்டும். கூலியும் வேலை நேரமும் அவற்றில் உண்டு. அவற்றோடு வேறு சிலவும் உண்டு: துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், குறை சொல்பவரைப் பழிவாங்கலாகாது.

இந்தக் கடைசிக் கோரிக்கையை ஆய்வாளர் அனைவரும் ஊன்றிப் படித்தல் நன்று. குறை சொன்னால் பழிவாங்கப்படும் இடத்தில், குறை கேட்டுத் தொகுத்த ஏடு எதுவாயினும் அதன் பெறுமதி என்ன? நான்கே ஆண்டுகளில் இத்தனை குறைகளும் புதிதாக முளைத்திருக்க முடியாது. கூலி எவ்வளவு என்று கேட்டால் கூலி தெரியும். மானம் எவ்வளவு என்று எந்த விசாரணைக் குழுவும் கேட்பதில்லை.

கோரிக்கைப் பட்டியலையும் இதே அளவையால் அளக்க வேண்டும். அதுவே முறை. அதனை எழுத்தில் வடித்தவர்கள் கல்வியும் அரசியல் உணர்வும் பெற்ற தலைவர்கள். பெண்களின் குறை அதில் இடம்பெற்றதெனினும் அது பெண்கள் தாமே எழுதியதன்று. எனவே அதனையும் தொழிலாளரின் முழுக் குரல் என்று கொள்ளுதல் மிகை. இரண்டு ஏடுகளும் ஒன்றன் குறையை மற்றொன்று காட்டுகின்றன. அவற்றை எதிரெதிரே வைத்துப் படிப்பதிலேயே பயனுண்டு.

மூன்றாவது வழி உடனிருந்து காண்டல். வடஇந்திய மானிடவியலார் ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்தார். அவர் நூல் 1970இல் வெளிவந்தது. அத்தோட்டத்துக்குப் புனைபெயர் ஒன்றைச் சூட்டி அங்குள்ளோரைக் காத்தார். ஒருநாள் விருந்தினருக்குக் கிட்டாதவை பல மாதங்கள் உடனிருப்பவருக்குக் கிட்டும்: யார் வீட்டில் யார் நீர் அருந்துகின்றனர், திருவிழாவில் யார் முன்னிற்கின்றனர், எவர் முன் எவர் பேச்சை நிறுத்துகின்றனர். வாய் சொல்லாததைப் பழக்கம் சொல்லும். ஆயினும் அது ஒரே தோட்டம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வேறு பானைக்கு அது பதமாகாது.

இவையெல்லாம் பழங்கதையல்ல. செபராங் பிறையில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். 1969இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் தீவிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோரைத் தேடிச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. அவர்களிடம் ஒன்று வேண்டிக்கொள்வோம். பாட்டி ஒருவரிடம் தோட்டத்து வாழ்க்கையைக் கேட்கிறீர்கள் என்று கொள்வோம். அருகில் மகன் அமர்ந்திருக்கிறார். பாதிக் கேள்விக்கு அவரே விடை சொல்கிறார். ஆய்வேட்டிலோ ‘பாட்டி கூறினார்’ என்றே பதிவாகிறது. கிராணியின் இடத்தில் இப்போது மகன், அன்போடு இருக்கிறார், அவ்வளவே வேறுபாடு. மருமகளின் துயரையும் கள்ளின் கொடுமையையும் பாட்டி அவர் முன் சொல்வாரா?

ஆதலின் ஒவ்வோர் உரைக்கும் கீழே சில வரிகள் சேர்த்தெழுதுக: எங்கே கேட்டது, யார் உடனிருந்தார், என்ன சொற்களால் கேட்டது, எந்தக் கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. இயன்றால் மற்றொரு நாள் தனியே சென்று மீண்டும் கேளுங்கள். இரு விடைகளும் மாறுபட்டால் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். சாஸ்திரியாரின் அறிக்கையில் இத்தகைய குறிப்புகள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இருந்திருக்குமாயின், அவர் முடிவை ஏற்பதா மறுப்பதா என்று இன்று நாம் ஊகத்தால் வழக்காட நேர்ந்திராது.