தெரியாது என்று சொல்லும் உரிமை

2004இல் டெல்லியில் ஒரு பள்ளி மாணவியின் அந்தரங்கக் காட்சி பாஸி.காம் என்ற தளத்தில் விற்பனைக்கு வந்தது. தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைதானார். தொழில்துறை பதறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பயனர் செய்ததற்கு 'இடையீட்டாளர்' பொறுப்பில்லை, தெரிந்தும் நீக்காமல் விட்டால் ஒழிய. இணைய இணைப்பு தரும் நிறுவனம், சமூக ஊடகம், தேடுபொறி எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததில் தொடங்கியது, கடைக்காரரின் பாதுகாப்பில் போய் நின்றது என்றே இதை வாசிக்கிறேன்.

'தெரிந்து' என்றால் என்ன? 2015இல் ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு 66ஏ பிரிவை ரத்து செய்தது. முகநூலில் எழுதியதற்காக இளம்பெண்களைக் கைது செய்ய உதவிய பிரிவு அது, ஒழிந்தது நல்லது. அதே தீர்ப்பு, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நிறுவனத்துக்குத் 'தெரியும்' என்றது. பேச்சுரிமைக்கு அரண்தான். ஆனால் மறு ஆண்டே, சேலம் மாவட்டத்தில் மார்பிங் செய்த படங்கள் முகநூலில் பரவியதால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறையில் புகார் கொடுத்திருந்தார்கள். பிறகு மாவட்டக் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார்.

2021 விதிகள், பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை என்றன. முன்னேற்றம்தான். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், 48 மணி நேரத்துக்குள் காட்சிகளை நீக்கச் சொல்லி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அவை வேறு தளங்களில் மீண்டும் முளைத்தன. ஏழு ஆண் காவலர்கள் முன்னிலையில் அவர் தன் காட்சியை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. முதல் தகவல் அறிக்கையில் பெயரும் இருந்தது. ஊர் எவ்வளவு அலர் தூற்றினாலும் அகப்பாட்டில் தலைவியின் பெயர் வரக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. நம் காவல் நிலையங்களுக்கு அது எட்டவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் வாடகை அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி சிப்காட் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் எந்த வழக்கறிஞரைத் தேடுவார்கள்? படம் அனுப்பியவன் அத்திப்பள்ளியில் இருந்தால் விஷயம் மாநிலம் தாண்டிவிடும். "நீ ஏம்மா போட்டோ எடுக்க விட்ட?" என்ற கேள்விக்கு மட்டும் எல்லையே கிடையாது.

நிறுவனங்களால் முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. சினிமாப் பாட்டைக் காணொளியில் சேர்த்து ஏற்றினால் யூடியூப் தானாகவே கண்டுபிடிக்கிறது. 2007 முதலே அந்த ஏற்பாடு உண்டு. காப்புரிமைக்காரர் ஒவ்வொரு இணைப்பாகத் தேடி அலைவதில்லை. ஒருமுறை புகார் வந்த படத்தின் எண்சுவட்டைப் பதிந்து, திரும்ப ஏறாமல் தடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று சட்டத்தில் எழுத வேண்டும். தேடும் வேலை அவளுடையதாக இருக்கக் கூடாது.