'நானை'ச் சுமக்கும் உடல்கள்

பால்புதுமையராக வளரும் பிள்ளையின் கதையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் தன்மையில் எழுதப்படுகின்றன. அந்த 'நான்' ஒருவரல்லர். தனக்கு என்ன நேர்கிறது என்று புரியாமல் தவிக்கும் பிள்ளையும், எல்லாம் புரிந்தபின் பல ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒரே வாக்கியத்துக்குள் குடியிருக்கிறார்கள். உரைநடைக்கு அது எளிது. ஒரு வினைமுற்றை மாற்றினால் காலம் மாறிவிடும். மேடையில் அந்த 'நான்' யாரோ ஒருவருடைய உடம்பில் ஏறியாக வேண்டும். எந்த வயது உடம்பு, எத்தனை உடம்புகள், அவற்றை யார் எங்கிருந்து பார்க்கிறார்கள்? இதற்கு விடை சொல்லாமல் நாடகமாக்கத்தைத் தொடங்கவே முடியாது. கதையை எவ்வளவு சாமர்த்தியமாகச் சுருக்கினார்கள் என்பதைவிட, இந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டார்கள் என்பதை வைத்தே இவ்வகை நாடகங்களை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் பலரால் ஒளித்து வாசிக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. அட்டையை மறைத்து, பாடநூலுக்குள் செருகி, வீடு உறங்கியபின் வாசித்தவர்கள் உண்டு. அங்கே பிள்ளையின் ரகசியத்தை அறிந்தவர் வாசகர் ஒருவர்தான். அரங்கிலோ நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சியே வளர்ந்த பிள்ளையை இத்தனை கண்களுக்கு முன்னால் நிறுத்துவது சாதாரணக் காரியமல்ல.

இந்தத் துறையில் நின்று பேச வேண்டியது 'ஃபன் ஹோம்'. அலிசன் பெக்டெல் 2006-இல் வெளியிட்ட சித்திர நினைவுநூல் அது. நாவல் அல்ல என்றாலும் நாவலின் கட்டுக்கோப்பும் அடர்த்தியும் கொண்டது. இடம் பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர். அப்பா பள்ளியில் ஆங்கில ஆசிரியர். குடும்பத் தொழிலான சவ அடக்க நிலையத்தையும் நடத்துகிறார். பழைய வீட்டைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பிக்கிறார். கல்லூரிக்குப் போன மகள், தான் பெண்களை நேசிப்பவள் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள். அப்பாவும் ஆண்களோடு உறவு கொண்டிருந்தவர் என்பது அதன்பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. சில மாதங்களில், 1980-இல், அவர் லாரியில் அடிபட்டு இறந்துபோகிறார். அது விபத்தா, அவரே தேடிக்கொண்ட சாவா என்ற கேள்வி நூல் முழுக்க மகளை விடாமல் துரத்துகிறது.

லிசா க்ரோன் வசனமும் பாடல்களும் எழுத, ஜினீன் டெசோரி இசையமைக்க, சாம் கோல்ட் இயக்கத்தில் 2013-இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் இது இசைநாடகமாக அரங்கேறியது. 2015-இல் பிராட்வேக்குப் போய், சிறந்த இசைநாடகத்துக்கானது உட்பட 5 டோனி விருதுகளைப் பெற்றது. க்ரோன் அலிசனை மூன்றாகப் பிரித்தார்: சிறுமி, கல்லூரி மாணவி, நாற்பதைக் கடந்த சித்திரக்காரர். மூத்த அலிசன் மேடையை விட்டு அதிகம் அகலுவதில்லை. படத்துக்கு அடியில் என்ன எழுதுவது என்று தேடி, ஒரு வரி சொல்லிப் பார்த்து, பிடிக்காமல் அழித்து, மறுபடி தேடுகிறார். நூலில் முடிவான வடிவில் அச்சாகியிருக்கும் குறிப்புகள் மேடையில் இன்னும் முடிவாகாத தேடலாகின்றன. எழுதும் செயலையே நாடகச் செயலாக்கிய இந்த ஏற்பாடு அபாரமானது.

நாடகத்தின் உயிர் இரண்டு காட்சிகளில் இருக்கிறது. ஒன்று, அப்பாவோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுமி, சரக்கு இறக்க வந்த ஒரு பெண்ணைப் பார்க்கும் கணம். குட்டை முடி, முரட்டு உடை, இடுப்பில் சாவிக் கொத்து. தன்னைப் போல் ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று சிறுமிக்கு முதன்முதலாகத் தெரிகிறது. நூலில் இது சில கட்டங்களில் முடிந்துவிடும். அந்தப் பெண்ணும் வரையப்பட்டிருப்பார். நாடகத்தில் அது ஒரு முழுப் பாடல், அந்தப் பெண்ணோ மேடைக்கு வருவதே இல்லை. சிறுமியின் பார்வை அவையை நோக்கிப் போகிறது. அதுவரை நாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அவள் நம் பக்கம் பார்த்து, தன் ஆளை நம் நடுவில் கண்டுகொள்கிறாள். காணப்படுவதே அச்சமாக இருந்த பிள்ளைக்குக் காண்பதன் ஆனந்தம் கிடைக்கிறது. இதைத் தர மேடையால்தான் முடியும்.

மற்றொன்று, அப்பாவும் மகளும் காரில் போகும் கடைசிப் பயணம். பெக்டெல் அதைச் சிறிய, ஒரே அளவுக் கட்டங்களாக அடுக்கடுக்காக வரைந்திருப்பார். பேச்சு தொடங்குகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி தொடங்குகிறது. நாடகத்தில், கல்லூரி மாணவி உட்கார வேண்டிய இருக்கையில் மூத்த அலிசன் வந்து அமர்கிறார். அதுவரை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர் இப்போது உள்ளே நுழைகிறார். அப்பா சாகப்போவது அவருக்குத் தெரியும், ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று துடிக்கிறார், நேரம் கடந்துபோகிறது. உடல்கள் இடம் மாறுவது மட்டுமே நடக்கிறது. அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இந்த நாடகம் பிராட்வேக்குப் போகுமுன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கல்லூரி, புதிய மாணவர்கள் வாசிக்கவென்று இந்நூலைத் தேர்ந்தெடுத்தது. கோபமுற்ற மாநிலப் பிரதிநிதிகள் அவை கல்லூரியின் நிதியில் 52,000 டாலரை வெட்ட வாக்களித்தது. 2014 ஏப்ரலில் நாடகக் குழுவினர் நியூயார்க்கிலிருந்து அங்கே போய், காட்சி அமைப்புகள் இல்லாமல் கச்சேரி வடிவில் நிகழ்த்தினார்கள். பெக்டெலும் வந்திருந்தார். வாசித்ததற்குத் தண்டனை என்றபோது, மக்கள் ஒன்றாகக் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

'ஃபன் ஹோம்' ஒரு 'நானை' மூன்று உடல்களுக்குப் பிரித்தது என்றால், எதுவார் லூயியின் முதல் நாவலை நாடகமாக்கியவர்கள் வேறு வழியில் போனார்கள். 2014-இல் பிரெஞ்சில் வந்த அந்த நாவலின் எடி, வட பிரான்சில் ஒரு தொழிற்சாலைக் கிராமத்துப் பையன். அவனுடைய நடையும் குரலும் பெண்மை கலந்தவை என்று ஊரே ஏசுகிறது. பள்ளி நடைவழியில் இரண்டு பையன்கள் அவன் முகத்தில் துப்புவதில் கதை தொடங்குகிறது. இன்றிலிருந்து முரடனாக இருப்பேன் என்று அவன் தனக்குத்தானே பயிற்சி கொடுத்துக்கொள்ளும் பகுதி நெஞ்சைப் பிழிவது. பமேலா கார்ட்டர் நாடகமாக்கி, ஸ்டூவர்ட் லைங் இயக்கி 2018-இல் எடின்பரோ விழாவில் காட்டிய வடிவத்தில் நடிகர்கள் இரண்டே பேர். இருவரும் எடி. அப்பா, அம்மா, ஊரார் எல்லாரும் திரைகளில் தோன்றுகிறார்கள். அந்த முகங்களும் இதே இரு நடிகர்களுடையவை.

இதை வெறும் சிக்கன ஏற்பாடாகப் பார்க்கக் கூடாது. உழைக்கும் மக்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்று நாவல்மீது பிரான்சில் கடுமையான விமர்சனம் எழுந்தது. ஆனால் ஆலை வேலையில் முதுகு ஒடிந்த அப்பாவும் வறுமையில் ஒடுங்கிய அம்மாவும் தாங்கள் வாங்கிய அடியைத்தான் பிள்ளைக்குத் திருப்பித் தருகிறார்கள் என்பது நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அவசரமாக வாசிப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். மேடையில் எடியின் முகமே அப்பாவின் முகமாகத் திரையில் வரும்போது அதைத் தவறவிட வழியில்லை. ஏசுபவரும் ஏச்சு வாங்குபவரும் ஒரே முகம். இந்த நாடகத்தை லண்டனின் யூனிகார்ன் போன்ற, இளையோருக்கான அரங்கம் சேர்ந்து தயாரித்ததும் பொருத்தமே. பள்ளி நடைவழியில் துப்பியவர்களும் துப்பப்பட்டவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நாடகம் இது.

மற்ற சில முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிமொதி கொனிக்ரேவின் நினைவுநூலை டாமி மர்ஃபி 2006-இல் சிட்னியில் மேடைக்குக் கொண்டுவந்தார். பள்ளிக் காதலில் தொடங்கி எய்ட்ஸ் மரணத்தில் முடியும் நீண்ட காலத்தை ஒரு சிறு குழு வேடம் மாற்றி மாற்றிச் சுமந்தது. சாரா வாட்டர்ஸின் 1998 நாவலை லாரா வேட் 2015-இல் லண்டனில் நாடகமாக்கியபோது, பழைய மியூசிக் ஹால் மரபின் தலைவரை, ஏறத்தாழ நம் கூத்தின் கட்டியங்காரனை, கதை நடத்த வைத்தார். அமைப்பு அழகுதான். ஆனால் பெண்ணை நேசிக்கும் பெண் தன் வாயால் சொன்ன கதையை ஓர் ஆண் கையில் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. நாவலின் பலமே கதைசொல்லியான நான்சியின் குரல்.

தைவானின் அனுபவம் தனி. பாய் ஷியென்-யுங் 1983-இல் நூலாக வெளியிட்ட நாவல், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு அப்பாவால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் ஆ-ச்சிங் என்ற பையனோடு தொடங்குகிறது. தைபேயின் நியூ பார்க்கில், தாமரைக் குளத்தைச் சுற்றி இரவில் கூடும் ஆண்களின் உலகத்தில் அவன் அடைக்கலமாகிறான். ஏற்கெனவே 2003-இல் தொலைக்காட்சித் தொடராகியிருந்த அதை, 2014-இல் தைபே தேசிய அரங்கில் நாடகமாக்கினார்கள். நாவலுக்குள் பழங்கதைபோலச் சொல்லப்படும் ஒரு வெறிகொண்ட காதலும் கொலையும் மேடையில் நடனமாக மாறின. பூங்காவில் எல்லாரும் வாய்வழி அறிந்த கதை அது; யாரும் நேரில் பார்த்ததுபோல் நடித்துக் காட்டத் தேவையில்லாதது. அதைப் பேச்சிலிருந்து விடுவித்தது சரியான முடிவு.

எழுதியவரே மேடையேறுவது இன்னொரு வழி. லூயி 2020-இல் தாமஸ் ஓஸ்டர்மையர் இயக்கத்தில், தன் தந்தையைப் பற்றிய நூலோடு தானே மேடையில் நின்றார். தமிழில் திருநங்கையான அ. ரேவதி தன் தன்வரலாறான 'வெள்ளை மொழி'யை, அ. மங்கையின் நெறியாள்கையில் ஒற்றையாள் நிகழ்வாக நிகழ்த்தினார். இங்கே 'நானை' யார் சுமப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. வடுக்கள் வரைந்தவை அல்ல. ஆனாலும் அதை வெறும் சாட்சியம் என்று சொல்லி நடிப்புக் கலையை மறந்துவிடுவது அநியாயம். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குக் குறத்தி வேடம் போட்ட பையனாக நூலில் அவர் வருகிறார். ஊர் பார்க்கப் பெண்ணுடை உடுத்த அனுமதி கிடைத்த நாள் அது. ஆக, அவர் மேடைக்குப் புதியவர் அல்லர். வாழ்க்கையில் முதன்முதலாகத் தானாக இருந்ததே வேடத்தில்தான்.

இங்கிருந்து பார்த்தால், ஷியாம் செல்வதுரையின் 1994 நாவலான 'ஃபன்னி பாய்' தனக்குள்ளேயே நாடகத்தை வைத்திருப்பது தெரியும். கொழும்பில் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஆர்ஜி. மாதத்தில் ஒரு ஞாயிறு தாத்தா வீட்டில், பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு. மணப்பெண் அவன்தான். பின்னால் ஒரு பகுதியில், பள்ளி விழா மேடையில் ஒப்பிக்க வேண்டிய கவிதைகளை வேண்டுமென்றே குழப்பி, அதிபரைத் தோற்கடிக்கிறான். தீபா மேத்தா 2020-இல் எடுத்த படத்தில் நடிகர் தேர்வும் தமிழ் உச்சரிப்பும் தமிழர்களிடையே கண்டனத்துக்கு உள்ளாயின. குரலை நம்பியே நிற்கும் மேடையில் அந்தப் பிழை இன்னும் பெரிதாகக் கேட்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து நாடு விடும் குடும்பத்தின் கதையில், யார் எந்த மொழியில் எப்படிப் பேசினார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை.

நாடகமாக்குகிறவர் கைநடுங்க வேண்டிய இடம் நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சேலை கட்டிய ஆர்ஜியை ஓர் அத்தை இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் பெரியவர்கள் முன்னால் நிறுத்துகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையும் பார்வையாளர் வரிசையும் ஒன்றுதான். சேலை கட்டிய ஆணைக் கண்டதும் சிரிக்க, நம் சினிமா நம்மைப் பல காலம் பழக்கியிருக்கிறது. ஆனால் அதற்கும் முந்தைய பழக்கம் ஒன்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள். அவர்கள் வள்ளியாக வந்தபோது அவை உருகியது. டி.கே. சண்முகம் ஒளவை வேடத்தாலேயே ஒளவை சண்முகம் ஆனார். அந்த நடிப்பு மரபில் பயின்ற ஒருவர் ஆர்ஜியாக வர வேண்டும். கல்யாண விளையாட்டை அவசரமின்றி, முழுதாக, மணப்பெண்ணின் பெருமிதத்தோடு ஆட அவருக்கு நேரம் தர வேண்டும். சேலை மடிப்பும் பூவும் பொட்டும் அவருக்குப் பொருந்திவிட்டன என்று அவை மனதார ஏற்றுக்கொண்ட பிறகே அத்தை கையைப் பிடித்து இழுக்கட்டும். சிரிக்கும் உறவினர்களின் நாற்காலிகளை மேடையில் போடாமல், பார்வையாளரின் முதல் வரிசையோடு சேர்த்துப் போடட்டும்.