மெட்டும் சொல்லும்: பட்டுக்கோட்டையாரின் பாட்டுத்திறன்

திரைப்பாடல் இலக்கியமாகுமா என்னும் வினா தமிழாசிரியரிடையே நெடுநாளாய் நிலவி வருகிறது. பிறர் அமைத்த மெட்டுக்குச் சொல்லை நிரப்புவது கவிதையன்று என்பர் மறுப்போர். வெண்பாவின் தளையும் புலவன் தானே வகுத்துக்கொண்டதன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டுப்பாடு கவிதைக்குப் பகையன்று. அதனுள் நின்று கருத்தைச் சொல்லும் ஆற்றலே புலமை. இதற்குச் சான்றாய் நிற்பவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

1930இல் பிறந்து, 1959இல் தம் இருபத்தொன்பதாம் அகவையில் மறைந்தவர் அவர். பள்ளிக் கல்வி அவருக்குப் பெரிதும் வாய்க்கவில்லை. ஆயினும், அவரைப் பயிற்சியற்ற பாமரப் பாவலர் எனக் கருதுதல் பிழை. உழவர் இயக்கமும் நாடக மேடையும் அவருக்கு மக்கள் மொழியைத் தந்தன. பாவேந்தர் பாரதிதாசனிடம் பெற்ற பயிற்சி அம்மொழியைச் செப்பம் செய்தது. திரையுலகில் சில ஆண்டுகளே பணியாற்றியும் அவர் நிலைபெற்றமைக்கு அவ்விரண்டுமே காரணம்.

மெட்டுக்கு எழுதுவதிலுள்ள இடர்ப்பாட்டை மாணவர் எளிதில் உணரலாம். இசை நீளும் இடத்தில் 'மலை' என்னும் சொல்லை வைத்தால், கேட்போர் செவியில் அது 'மாலை' ஆகிவிடும், 'கலை' 'காலை'யாகும். 'பாட்டு', 'காற்று' போன்ற குற்றியலுகரச் சொற்களின் ஈறு நெடிய நீட்டத்தைத் தாங்காது. 'நிலா', 'கனா' போன்ற நெடில் ஈற்றுச் சொற்களோ இயல்பாகத் தாங்கும். எழுத்திலக்கணம் அறியாதவன் இங்கே இடறி விழுவான். கல்யாணசுந்தரத்தின் பாடல்களில் குறிலும் நெடிலும் தத்தம் இடத்தில் அமைந்திருப்பதால், முதன்முறை கேட்பவனுக்கும் பொருள் தடையின்றி விளங்குகிறது. எதுகையும் மோனையும் பேச்சோடு பேச்சாக வந்து விழுகின்றன.

1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில், உறங்கும் தம்பியை விழிக்கச் சொல்லும் பாடல் சமுதாயத்தையே தட்டி எழுப்புகிறது. 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்திலோ காதலும் துயரும் அவருக்குப் பாடுபொருளாயின. அறிவுரை மட்டுமே அவருக்கு வரும் என்போர்க்கு அப்படமே விடை.

குறையே இல்லை எனல் நடுநிலையாகாது. சில பாடல்களில் கதைமாந்தரின் குரலை மீறிக் கவிஞரின் கொள்கைக் குரல் ஒலிக்கிறது. அவ்விடங்களில் கருத்து நிற்க, காட்சி பின்தங்கி விடுகிறது. எனினும், விளங்காத சொல்லடுக்கால் வியப்பூட்ட அவர் ஒருபோதும் முயன்றதில்லை.

பாடலாசிரியராக விழையும் மாணவர் கற்க வேண்டியது இதுவே: எளிமை என்பது கல்லாமையின் விளைவன்று, கற்றதன் கனிவு. யாப்பிலக்கணத்தைத் தேர்வுக்குரிய சுமையாகக் கருதும் மாணவனிடம், அவன் நாள்தோறும் முணுமுணுக்கும் பாட்டிலேயே அசையும் சீரும் உயிர்த்துடிப்போடு இருப்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டுவாராயின், இலக்கண வகுப்பும் இன்பம் பயக்கும். நாளைய பாவலர் ஒருவரும் அவ்வகுப்பிலிருந்தே தோன்றக்கூடும்.