நொடிக்குப் பத்துக் குண்டு

'அன்னைக்கு அந்த பஸ்ல ஒரு ஏ.கே. நாப்பத்தேழு மட்டும் இருந்திருந்தா...' மேலவளவு பற்றிய கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் யாராவது ஒரு தோழர் இதைச் சொல்லிவிடுகிறார். மேடையில் யாரும் சொல்வதில்லை. மேடையில் அரசியல் சட்டம், ஒதுக்கீடு, வீரவணக்கம். டீக்கடையில்தான் துப்பாக்கி. அகிம்சை பேசி இந்த வாக்கியத்தின் வாயை அடைப்பது சுலபம். அரிவாளுக்குப் பக்கத்தில் என்றும் நின்றிராதவர்களுக்கு அது சௌகரியமும்கூட. அப்படிச் செய்யாமல் அதை ஒரு நடைமுறை யோசனையாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1996இல் மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட்டவர்களை மிரட்டினார்கள்; வாக்குப்பெட்டிகளைப் பறித்தார்கள். எல்லாவற்றையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்சை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஆயுதம் அரிவாள். எங்கள் பக்கத்தில் விறகு வெட்டவும் வேலிமுள் கழிக்கவும் வீட்டுக்கு வீடு கிடக்கிற சாமான். அதற்கு லைசென்ஸ் கிடையாது.

பஸ்சுக்குள் வெட்ட வருகிறவன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறான். சுற்றிலும் கூடைக்காரக் கிழவி, பள்ளிக்கூடப் பிள்ளை, கண்டக்டர், பக்கத்து சீட்டில் நம் ஆளே. ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வேகத்தில் சுடக்கூடியது. அதாவது நொடிக்குப் பத்து. முப்பது குண்டுள்ள மேகசின் மூன்று நொடியில் காலி. முதல் குண்டு குறியில் படலாம். உதைப்பில் குழல் மேலே ஏற ஏற மற்றவை எங்கே போகும் என்பது சுடுகிறவன் கையில் இல்லை. சேரியிலும் இதே கதைதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தகரம், தட்டி, கூரை. அந்தக் குண்டு அங்கே நிற்காது. அடுத்த வீட்டுத் தொட்டில்வரை போகும்.

பயிற்சி எடுத்த பட்டாளத்துக்காரனுக்கே இது கட்டுப்படுவதில்லை. வியட்நாமில் குண்டு விரயமானதைப் பார்த்த அமெரிக்க ராணுவம், 1980களில் வந்த எம்16ஏ2வில் தொடர்ச்சுடலை எடுத்துவிட்டு, விசைக்கு மூன்று குண்டு என்று வரம்பு கட்டியது. நம் இன்சாஸ் துப்பாக்கிக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. தொடர்ச்சுடலின் ராணுவப் பயன் குறி தப்பாமல் அடிப்பதல்ல. தன் ஆட்கள் முன்னேறுகிறவரை எதிராளி தலைதூக்காதபடி அடக்கி வைப்பது. அடக்கி வைப்பது என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தக் கருவியின் முன்னால் தனி மனிதர்கள் இல்லை, முகமற்ற திரள்தான் உண்டு. 1919இல் ஜாலியன்வாலா பாக்குக்கு டயர் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளைக் கொண்டுபோனார். வழி குறுகலாக இருந்ததால் அவை வெளியிலேயே நின்றன. உள்ளே இருந்தவர்களை அவர் பார்த்த பார்வையே அந்த எந்திரத்தின் பார்வையும். தற்காப்புக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு குண்டுக்கும் பொறுப்பேற்கிற கை.

சட்டம் இந்த இடத்தில் விசித்திரமாக இருக்கிறது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, இன்றைய நியாய சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு, தன்னைக் கொல்ல வரும் கும்பலின் மேல் சுட்டால்தான் பிழைக்கலாம் என்கிற நிலையில், அதில் கலந்திருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்கிறது. குற்றமில்லை, சரி. ஆனால் அந்தக் குழந்தைகளின் தெருவழியாகத்தானே நாளைக்கும் நாம் பஸ் ஏறப் போக வேண்டும்?

விசையை விடும்வரை சுடுகிற துப்பாக்கியை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக வகைப்படுத்தியிருக்கிறது. அதில் ஒன்று கிடைத்ததாக ஒரு வரி எழுதினால் போதும், ஒரு சேரி முழுவதையும் போலீஸ் கலைத்துப்போட. மாறாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே தலித், பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து ஆயுதத்தை வாங்கி வைக்கலாம். கள்ளத்துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பிறகு, தேவையானால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் லைசென்ஸ் தரலாம். இந்த வரிசை முக்கியம். பறிப்பது முதலில், கொடுப்பது அப்புறம். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தபோது துப்பாக்கி யார் பக்கம் இருந்தது என்பது தெரிந்ததுதான். நமக்குத் துப்பாக்கி கேட்பதற்கு முன், அவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோமா?

இன்னொன்றும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இலிருந்து 2006வரை தலித் தலைவர் ஒருவர் நிலைக்க முடியவில்லை. ஒன்று, மனுப் போட ஆள் இருக்காது. அல்லது ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். அங்கே ஏ.கே. 47 எதைச் சுட்டிருக்கும்? ராஜினாமாக் கடிதத்தையா? களத்துமேட்டில் வேலை கிடையாது என்ற வாய்ச்சொல்லையா? ஆதிக்கம் பெரும்பாலும் குறி வைக்க முடியாத இடத்தில்தான் குடியிருக்கிறது. அரிவாள் அதன் கடைசி வாக்கியம் மட்டுமே. 2006 அக்டோபரில் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். பத்து வருஷப் போராட்டமும், கடைசியில் ஊர் ஊராக உட்கார்ந்து பேசிய நிர்வாகமும் சேர்ந்து செய்த காரியம் அது. சாதி போய்விட்டது என்று அர்த்தமில்லை, நாற்காலி கிடைத்தது.

'கைதி' (2019) படத்தின் முடிவில் நாயகன் சுழல் துப்பாக்கியால் எதிரிக் கும்பலைச் சரித்தபோது தியேட்டரில் நானும் கைதட்டினேன். திரையில் குண்டுக்கு யார் எதிரி என்று தெரிந்திருக்கிறது. மேலூர் பஸ்சில் தெரியாது.

அதனால் டீக்கடையில் அந்தத் தோழர் அடுத்த தடவை 'மட்டும் இருந்திருந்தா' என்று ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்ல வேண்டாம். அது துப்பாக்கியைப் பற்றிய பேச்சே இல்லை. 'கேட்ட நேரத்துல ஒருத்தனும் வரலையே' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.