உதிரித் தாள்களும் ஊர் வரலாறும்

நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், கடை ரசீது ஆகியவை அன்றைய தேவைக்கு அச்சாகி, அது தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் தாள்கள். புத்தகங்களும் பத்திரிகைகளும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உதிரித் தாள்களுக்கு அப்படியொரு வழி இல்லை. அவை பிழைப்பது பெரும்பாலும் தனி மனிதர்களின் ஆர்வத்தால்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இதற்குத் தலையாய சான்று. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், 1950 வாக்கில் தொடங்கி 1992இல் மறையும்வரை, நூல்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமானது. வாங்க ஒரு நிறுவனம் வராதிருந்தால், நாற்பதாண்டு உழைப்பு கட்டுக்கட்டாகப் பிரிந்து விலைபோயிருக்கும். தனிச் சேகரிப்பின் முதல் பலவீனம் இதுவே: சேர்த்தவரின் ஆயுளே அதன் எல்லை.

ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு போன்ற ஊர்களுக்கு உதிரித் தாள்களைச் சேர்க்கும் முயற்சி அவசரமானது. 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடு பாடநூல்களில் உண்டு. ஏரியும் வயலுமாக இருந்த சுற்றுப்புறம் எப்படிப் புறநகரானது என்பது அவற்றில் இல்லை. மனைப்பிரிவு நோட்டீஸ் அதைச் சொல்லும். சர்வே எண், மனையின் விலை, ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம், கிணறா குழாயா என்ற விவரங்கள் ஒரே தாளில் கிடைக்கும். திருவிழா நோட்டீஸின் உபயதாரர் பட்டியலைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால், ஊரின் செல்வாக்கு யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதும் தெரியும்.

ஆனால் சேகரிப்பவரின் ரசனை சாட்சியத்தைச் சாய்த்துவிடுகிறது. வண்ணத் தீப்பெட்டி லேபிள் ஆல்பத்தில் இடம்பிடிக்கும். அழுக்கான ரேஷன் ரசீது பிடிக்காது. அதைவிடப் பெரிய குறை, எங்கே, யாரிடம், எந்தக் கட்டிலிருந்து கிடைத்தது என்று எழுதிவைக்காதது. பழைய பேப்பர் கடையில் ஒரு குடும்பத்தின் கட்டைப் பிரித்து அழகானதை மட்டும் எடுத்தால், மிஞ்சுவது படம், ஆவணம் போய்விடுகிறது.

மலிவான மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். செல்லோடேப்பும் லாமினேஷனும் அழிவை விரைவுபடுத்துபவை. அமிலமற்ற உறைதான் ஏற்றது. ஜாதகம், கடன் பத்திரம் போன்றவற்றில் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் இருக்கலாம். குடும்பத்தாரின் இசைவின்றி அவற்றை இணையத்தில் ஏற்றுவது முறையல்ல.