எரிகோ சாலையில் கிடப்பவர் யார்?

கிறித்துவ மறைநூலில் கதைகள் பல உண்டு. அவற்றுள் கிறித்துவரல்லாதாரும் அறிந்தது ‘நல்ல சமாரியன்’ கதை. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வருவது. மருத்துவமனைக்கு அது பெயர். ஞாயிறு மேடைக்கு அது பொருள். பள்ளிப் பிள்ளைக்கு அது நீதிப் பாடம். இத்தனை புகழ் பெற்ற கதையை இத்தனை பிழையாகப் படிப்பானேன் என்பதே நமது கேள்வி. கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கை இங்கே நாம் எழுப்பவில்லை. ஏட்டில் இருப்பதையேனும் உள்ளபடி படிக்கிறார்களா என்று கேட்கிறோம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் மலைவழி. கள்வர் அடித்துப் போட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் வருகிறான்; கண்டும் விலகிப் போகிறான். லேவியன் வருகிறான், அவனும் விலகிப் போகிறான். யார் இவ்விருவர்? கற்றுத் தேறிப் பதவி பெற்றவர்களா? அல்லர். ஆசாரிய உரிமை ஆரோன் வழியினர்க்கு. ஆலயப் பணி லேவி குலத்தார்க்கு. பிறப்பே தகுதி, குலமே உரிமை! இந்த ஏற்பாட்டைத் தமிழருக்கு விளக்கவும் வேண்டுமோ?

மூன்றாவதாக வருகிறான் சமாரியன். யூதரால் இழித்து ஒதுக்கப்பட்டவன். கெரிசீம் மலையில் இருந்த அவன் மக்களின் கோயிலை, யூதரின் தலைமை ஆசாரியனும் ஆட்சியாளனுமாகிய யோவான் இர்க்கான் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்துத் தள்ளினான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட இயேசுவைக் கண்டு, கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணே திகைத்தாள் என்று யோவான் நற்செய்தி கூறும். கிணறும் குடமும் தீட்டுக் கதை பேசிய நாடு அது!

அந்தச் சமாரியன்தான் புண்ணில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான். தன் விலங்கின் மீது ஏற்றுகிறான். சத்திரத்தில் சேர்த்து இரண்டு வெள்ளிக் காசும் கொடுக்கிறான். மூவரில் அயலான் யார் என்று இயேசு கேட்க, எதிரே நின்ற சட்ட வல்லான், இரக்கம் காட்டியவனே என்கிறான். ‘சமாரியன்’ என்ற சொல்லை உச்சரிக்க அவன் நா எழவில்லை! இந்த ஒரு நுட்பத்துக்காகவே கதை சொன்னவரின் கலைத்திறனை நாம் போற்றுவோம்.

இனி, மேடைப் பேச்சைக் கேளுங்கள். “நீங்களும் சமாரியராகுங்கள்” என்கிறார் போதகர். சபை மகிழ்கிறது, காணிக்கைத் தட்டில் காசு விழுகிறது, மனச்சான்று உறங்கப் போகிறது. ஆனால், கதையை முதலில் கேட்டவன் யூதன். அவன் தன்னை யாராக எண்ணிக் கேட்டிருப்பான்? சாலையில் கிடப்பவனாகத்தானே! “எவனைத் தீண்டத் தகாதவன் என்றாயோ, அவன் கையால் உயிர் பிழைக்கச் சம்மதமா?” என்பதன்றோ கதையின் கேள்வி? கொடுப்பது எளிது, கொடுப்பவன் கை மேலே இருக்கும். தாழ்த்தப்பட்டவன் நீட்டும் கையைப் பற்றுவதுதான் ஆதிக்கக்காரனுக்கு அரிது.

இந்தக் கூர்மையை மழுக்கியதில் பெரியோர்க்கும் பங்குண்டு. சமாரியன் கிறித்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் என்று உருவகம் விரித்தார் அகுஸ்தீன். அழகிய உருவகந்தான்! ஆனால் சமாரியன் வானுலகு ஏறினான். மண்ணில் அவன் பட்ட இழிவு மறைந்தது.

மண்ணில் நின்று படித்தவரும் உண்டு. 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் மார்ட்டின் லூதர் கிங், அடிபட்டவனைத் தூக்குவது தொடக்கமே, அடிபடச் செய்யும் அந்தச் சாலையையே மாற்றியமைக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு ஏப்ரல் 3 அன்று மெம்பிஸ் நகரில், வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்காக இதே கதையை மீண்டும் எடுத்துரைத்தார். மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். உருவகம் உரைத்தவருக்கு அந்த ஆபத்து இல்லை!

நம் நாட்டுச் சபைகள் எவ்வழியில் படித்தன? 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டார்களேயன்றிச் சாதியை விடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர இரு பிரிவாகவே கட்டப்பட்டது. 1910இல் தடுப்பை நீக்கியபோது, சாதி உரிமை கோரியோர் நீதிமன்றப் படி ஏறினர். இவை பழங்கதை என்பீரோ? சபைக்குள் தீண்டாமை உண்டு, அது பெரும்பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறோம், ஒப்புதல் சுவரை இடிக்காது.

ஆகவே, அந்த அதிகாரத்தை அடுத்த முறை ஓதும் போதகர்க்கு ஒன்று கூறுவோம். சபையாரைச் சமாரியனாக்கிப் புகழாதீர், சாலையோரத்தில் கிடத்துங்கள். “உம்மைத் தூக்க வருகிறான் ஒருவன். அவன் தந்தைக்கு உமது கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றீர். இப்போது அவன் கையைப் பற்றுவீரா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் நாளில்தான், அவர்கள் தங்கள் மறைநூலின் அந்த ஒரு பக்கத்தையேனும் படித்தவராவர்!